போப்பிடமிருந்து எருசலேமுக்குப் போன கடிதங்களை வாசிக்கும் முறை

1099 ஜூலை 15 அன்று எருசலேம் சிலுவைப் போர்வீரர்கள் கையில் விழுந்தது. 1291 மே மாதம் அக்கோ அவர்கள் கையை விட்டுப் போனது. இடைப்பட்ட காலத்தில் எருசலேம், அந்தியோக்கியா ஆகிய இரண்டு முதுபெரும் தந்தையரின் (பேராயர்களுக்கும் மேலான தலைவர்களின்) கீழ் இயங்கிய இலத்தீன் திருச்சபைகள்மீது உரோமையின் அதிகாரம் எந்த அளவுக்குச் செல்லுபடியானது? இதை ஆராய்கிறவருக்கு முதலில் அகப்படும் சான்று போப்புகளின் கடிதங்கள்தான். அவற்றை வரிசையாகப் படித்துக்கொண்டே போனால், போப் ஆணையிட்டார், கிழக்கு பணிந்தது என்ற சித்திரம் மனத்தில் பதிந்துவிடும். அந்தச் சித்திரத்தை நம்பக் கூடாது. அந்தக் கடிதங்களில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் கடல் கடந்து போய், செலவழித்து, காத்திருந்து, மனுக் கொடுத்து வாங்கி வந்த பதில்கள். ஆகவே எந்தக் கடிதத்தையும் மனுதாரரிடமிருந்து தொடங்கி வாசிக்க வேண்டும். இலத்தீன் ஓரளவு தெரிந்தவருக்குக் கீழே சொல்லும் முறை நேரடியாக உதவும். மொழிபெயர்ப்பை நம்பியிருப்பவரும் இந்தச் சோதனைகளில் பலவற்றைச் செய்து பார்க்கலாம்.

எந்த வகைக் கடிதம் என்று பிரியுங்கள்

போப்பின் செயலகத்திலிருந்து எல்லாமே ஒரே வடிவில் வெளிவரவில்லை. மிக உயர்ந்த வடிவம் சலுகைப் பட்டயம். முதல் வரி நெடிய எழுத்துகளில் இருக்கும். வாழ்த்துக்குப் பதிலாக ‘என்றென்றைக்கும்’ என்ற பொருளில் ‘இன் பெர்பெத்துவும்’ என்று வரும். அடியில் ரோத்தா எனப்படும் வட்டக் குறி, ‘பெனே வாலெத்தே’ என்ற சொற்களைப் பின்னிய கூட்டெழுத்து, போப்பின் கையொப்பம், அதைச் சுற்றிக் கர்தினால்களின் கையொப்பங்கள் இருக்கும். சொத்தையும் உரிமையையும் நிரந்தரமாக உறுதிசெய்யும் ஆவணம் இது. எந்தத் துறவு மடமும் இதை உயிரைப்போல் காத்து வைத்தது.

அடுத்தவை சாதாரணக் கடிதங்கள். ஈய முத்திரை தொங்கும் நூலைப் பார்த்து இவற்றை இரண்டாகப் பிரிக்கலாம். சிவப்பும் மஞ்சளுமான பட்டு நூல் என்றால் அருள்கடிதம்: ஒருவருக்கு ஏதோ ஓர் உரிமையோ விதிவிலக்கோ தரப்பட்டிருக்கிறது. சணல் கயிறு என்றால் ஆணைக் கடிதம்: விசாரி, தீர்ப்புச் சொல், தடு, நிறைவேற்று என்று யாருக்கோ வேலை இடப்பட்டிருக்கிறது. வழக்கு முடிந்தபின் சணல் கடிதத்தைக் காத்து வைக்க யாருக்கும் அக்கறை இல்லை. அதனால் அவை பெருமளவில் அழிந்தன. இன்று எஞ்சியிருக்கும் கடிதங்களில் சலுகைகள் மிகுந்து தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம். போப்புகள் சலுகை கொடுப்பதையே வேலையாக வைத்திருந்தார்கள் என்று இதிலிருந்து முடிவுகட்டினால் பிசகிவிடும்.

நூலும் முத்திரையும் போய், பிரதி மட்டும் எஞ்சியிருந்தால் என்ன செய்வது? அந்த நிலைமைதான் அதிகம். மடங்களின் பட்டயத் தொகுதிகளில் படியெடுத்தவர்கள் கையொப்பங்களையும் சில சமயம் தேதியையும்கூட விட்டுவிடுவார்கள். அப்போது தொடக்க வரியையும் வினைச்சொற்களையும் வைத்துத்தான் வகையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

முத்திரை கிடைத்தால் அதை விடாதீர்கள். ஒரு பக்கம் பவுல், பேதுரு இருவரின் தலைகள்; பார்ப்பவருக்கு இடப்பக்கம் பவுல், வலப்பக்கம் பேதுரு. மறுபக்கம் போப்பின் பெயரும் எண்ணும். கடிதத்தின் முதல் வரியில் போப் தன் எண்ணைச் சொல்வதில்லை. ‘அலெக்சாண்டர், ஆயர், இறை ஊழியர்களின் ஊழியன்’ என்று மட்டுமே இருக்கும். 1159இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்றாம் அலெக்சாண்டரா, 1254இல் வந்த நான்காம் அலெக்சாண்டரா என்பதை முத்திரையோ தேதியோ பெறுநரின் பெயரோதான் சொல்லும்.

போலியா என்று பாருங்கள்

மூன்றாம் இன்னொசென்ட் 1198இல் பதவியேற்றதும் உரோமையிலேயே போலிக் கடிதம் செய்யும் கும்பல் பிடிபட்டது. அதன்பின் அவர் போலிகளின் வகைகளை விளக்கி எழுதினார்: போலிக் கடிதத்தில் போலி முத்திரை, உண்மையான முத்திரையை நூலோடு உருவிப் பொய்க் கடிதத்தில் கோப்பது, உண்மைக் கடிதத்தில் சில எழுத்துகளைச் சுரண்டி மாற்றுவது. இன்று மூலத்தைப் பார்க்க முடியாதவரும் அவர் சொன்ன நடைச் சோதனைகளைப் பயன்படுத்தலாம்.

போப் எப்போதும் முதுபெரும் தந்தையரையும் பேராயரையும் ஆயரையும் ‘சகோதரர்’ என்றுதான் அழைப்பார். அரசர், கோமகன், மடத்தலைவர், குருக்கள், டெம்ப்ளர் என்னும் போர்த்துறவியர் சபையின் தலைவர் எல்லாரும் ‘மகன்’. ஆயரை ‘மகன்’ என்றும் அரசரை ‘சகோதரர்’ என்றும் எழுதிய கடிதம் சந்தேகத்துக்குரியது. ஒரே ஒருவருக்கு எழுதும்போது போப்பின் செயலகம் ஒருமையையே பயன்படுத்தும். முதுபெரும் தந்தையானாலும் பேரரசரானாலும் ‘நீ’தான். தனி ஒருவரைப் பன்மையில் விளித்திருந்தால் அதையும் ஐயத்தோடு பாருங்கள். தமிழில் மொழிபெயர்க்கிறவர்கள் மரியாதை கருதி ‘நீங்கள்’ என்று மாற்றிவிட்டால் இந்தத் தடயம் அழிந்துவிடும். அடிக்குறிப்பில் சொல்லிவிடுவது நல்லது.

தேதியை மாற்றுங்கள்

தவறு அதிகம் நேரும் இடம் இதுதான். உரோமையர் நாள்காட்டியில் மாதத்துக்கு மூன்று நிலைநாள்கள்: கலெண்ட்ஸ் 1ஆம் தேதி, நோன்ஸ் 5ஆம் தேதி, ஈட்ஸ் 13ஆம் தேதி. மார்ச், மே, ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களில் மட்டும் நோன்ஸ் 7, ஈட்ஸ் 15. அந்த நாள்களிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். இரண்டு முனைகளையும் சேர்த்தே எண்ணுவார்கள்.

கணக்கு இது. கலெண்ட்ஸுக்கு முன் நாள் என்றால், முந்தைய மாதத்தின் நாள்களோடு 2 கூட்டி, கொடுத்த எண்ணைக் கழியுங்கள். நோன்ஸ் அல்லது ஈட்ஸுக்கு முன் நாள் என்றால், அந்த நிலைநாளோடு 1 கூட்டி எண்ணைக் கழியுங்கள். எட்டாம் கிரகோரி ஃபெர்ராராவிலிருந்து அனுப்பிய புகழ்பெற்ற சிலுவைப்போர் அழைப்பில் ‘நவம்பர் கலெண்ட்ஸுக்கு 4’ என்று இருந்தால்: அக்டோபருக்கு 31, அதோடு 2, 33, 4ஐக் கழித்தால் 29. ஆக 1187 அக்டோபர் 29. ‘நவம்பர்’ என்ற சொல்லைப் பார்த்ததும் நவம்பரில் போட்டுவிடுவது தொடக்க வாசகர் எல்லாரும் செய்யும் பிழை. சைப்பிரஸ் திருச்சபைக்கு நான்காம் அலெக்சாண்டர் 1260இல் தந்த பட்டயம் ‘ஜூலை நோன்ஸுக்கு 5’: 7ஓடு 1 கூட்டி 5 கழித்தால் ஜூலை 3. லீப் ஆண்டில் மார்ச் கலெண்ட்ஸுக்கு 6 என்பது பிப்ரவரி 24, 25 இரண்டுக்கும் பொருந்தும். 7ஓ அதற்கு மேலோ என்றால் பிப்ரவரிக்கு 28 நாள் என்றும், 5ஓ அதற்குக் கீழோ என்றால் 29 நாள் என்றும் வைத்துக் கணக்கிடுங்கள்.

நாள் கிடைத்தாலும் ஆண்டு கிடைப்பது கடினம். சலுகைப் பட்டயங்களில் மனித அவதார ஆண்டு (கிறிஸ்து மனிதரானதிலிருந்து எண்ணும் ஆண்டு), பதினைந்தாண்டுச் சுழற்சியான இந்திக்தியோ எண், போப்பின் பதவி ஆண்டு மூன்றும் இருக்கும். மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இந்திக்தியோவுக்கு ஆண்டோடு 3 கூட்டி 15ஆல் வகுத்து மீதியை எடுங்கள். மீதி இல்லையென்றால் 15. 1113க்கு 1116ஐ வகுக்க மீதி 6. செப்டம்பருக்குப் பிறகான தேதிகளில் இந்த எண் ஒன்று கூடியிருக்கலாம். சுழற்சியைச் செப்டம்பரிலேயே தொடங்கும் வழக்கமும் உண்டு. 12ஆம் நூற்றாண்டுச் செயலகம் பல சமயம் ஆண்டை மார்ச் 25இல் தொடங்கியது. ஜனவரி, பிப்ரவரித் தேதிகள் நம் கணக்குக்கு ஓராண்டு பின்தங்கித் தெரிய அதுதான் காரணம்.

சாதாரணக் கடிதங்களில் 1187 வரை இடமும் நாளும் மட்டுமே இருந்தன. 1188இல் மூன்றாம் கிளமென்ட் காலத்தில்தான் பதவி ஆண்டைச் சேர்க்கும் வழக்கம் நிலைத்தது. அதற்கு முந்தைய கடிதத்தைப் போப் தங்கியிருந்த இடத்தை வைத்துத்தான் காலம் குறிக்க முடியும். மூன்றாம் அலெக்சாண்டர் 22 ஆண்டுகள் பதவியில் இருந்தும் உரோமையில் இருந்த காலம் குறைவு. ‘சான்ஸ்’ என்று இருந்தால் 1163–65. ‘பெனெவென்தோ’ என்றால் 1167–70க்குள் பெரும்பாலும் விழும். ‘இலாத்தரன்’ என்று மட்டும் இருந்தால் பல ஆண்டுகள் போட்டியில் நிற்கும். அப்போது ஓராண்டைத் தேர்ந்தெடுத்து எழுதிவிடாமல் எல்லையைக் குறிப்பிடுங்கள்.

பதவி ஆண்டைக் கணக்கிடும்போது தேர்தல் நாளையும் திருப்பொழிவு நாளையும் குழப்பாதீர்கள். மூன்றாம் இன்னொசென்ட் 1198 ஜனவரி 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆண்டுகளை எண்ணியது பிப்ரவரி 22இல் நடந்த திருப்பொழிவிலிருந்து. அவருடைய ‘5ஆம் ஆண்டு’ 1202 பிப்ரவரி 22 முதல் 1203 பிப்ரவரி 21 வரை. ஆகவே 5ஆம் ஆண்டு, பிப்ரவரி கலெண்ட்ஸுக்கு 18 என்ற தேதி 1203 ஜனவரி 15. இதை 1202 என்று போட்டால், நான்காம் சிலுவைப் போரின் நிகழ்ச்சி வரிசையே தலைகீழாகிவிடும்.

கடலைக் கணக்கில் சேருங்கள்

தேதி போட்ட நாளில் போப்புக்கு என்ன தெரிந்திருக்க முடியும் என்று கேளுங்கள். கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே கப்பல்கள் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கூட்டமாகப் போய்வந்தன. குளிர்காலத்தில் கடல்வழி ஏறத்தாழ அடைபட்டது. 1187 அக்டோபர் 29 கடிதம் ஜூலை 4இல் நடந்த ஹத்தீன் தோல்வியையும் சிலுவைத் திருப்பண்டம் பறிபோனதையும் சொல்லி அழுகிறது. எருசலேம் வீழ்ந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. எருசலேம் சரணடைந்தது அக்டோபர் 2; செய்தி இன்னும் கடலில் இருந்தது. எதெஸ்ஸா 1144 டிசம்பர் 24இல் விழுந்தது. இரண்டாம் சிலுவைப் போருக்கான மூன்றாம் யூஜினின் முதல் அழைப்பு 1145 டிசம்பர் 1இல்தான் வந்தது. மனுதாரர் அக்கோவில் கப்பலேறிய நாளுக்கும் பதிலோடு திரும்பிய நாளுக்கும் நடுவே ஓராண்டு போய்விடும். அதற்குள் எதிராளி இறந்திருக்கலாம், அல்லது அந்த ஊரே கைமாறியிருக்கலாம்.

மனுதாரர் யார், என்ன சொன்னார்

கடிதத்தின் நடுப்பகுதியில் ‘எமக்குத் தெரிவிக்கப்பட்டது’, ‘உன் மனுவில் கண்டபடி’, ‘எம் முன்னிலையில் முறையிட்டனர்’ என்ற வகையில் ஒரு கதை வரும். அதைப் போப்பின் கூற்றாக மேற்கோள் காட்டாதீர்கள். அது மனுதாரரின் கூற்று. எழுத்தர் சுருக்கி எழுதியிருக்கிறார். மூன்றாம் அலெக்சாண்டரே, ‘மனு உண்மையில் நிலைபெற்றிருந்தால்’ என்ற நிபந்தனை எழுதப்படாவிட்டாலும் இத்தகைய எல்லாக் கடிதத்திலும் அடங்கியிருப்பதாகக் கொள்ள வேண்டும் என்று தீர்த்துச் சொன்னார். போப்பின் செயலகம் விசாரித்துவிட்டு எழுதவில்லை. விசாரிக்கும் பொறுப்பைப் பெறுநரிடம் விட்டது.

சணல் கயிற்றுக் கடிதங்களில் இது இன்னும் தெளிவு. வழக்கமான அமைப்பு: இன்னார் இன்னார்மேல் புகார் சொன்னார், நீங்கள் இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து, மேல்முறையீட்டுக்கு இடமின்றித் தீர்ப்புச் சொல்லி, திருச்சபைத் தண்டனையைக் கொண்டு நிறைவேற்றுங்கள், மூவரும் வர முடியாவிட்டால் இருவர் செய்யுங்கள். யார் பக்கம் நியாயம் என்று இதில் எங்கும் இல்லை. நியமிக்கப்பட்ட நடுவர் மூவரும் கிழக்கிலேயே இருக்கும் ஆயர்களும் மடத்தலைவர்களும். அப்படியானால் உரோமையின் அதிகாரம் அன்றாடம் செயல்பட்டது உள்ளூர்க்காரர் கையால்தான். தீர்ப்பு கிடைக்கவில்லையென்றால், வழக்குத் தொடங்கியது என்பதைத் தவிர வேறெதுவும் அந்தக் கடிதத்தால் நிறுவப்படவில்லை.

தடைக் கடிதங்களைத் தலைகீழாக வாசித்தால் நல்ல பலன் உண்டு. எருசலேமின் கேனன்கள் (தலைமைக் கோவிலைச் சார்ந்த குருக்கள்) முதுபெரும் தந்தை பதவிக்கு இருவரைத் தேர்ந்தெடுத்து அரசர் முன் வைப்பதையும், அரசர் ஒருவரைத் தெரிவு செய்வதையும் மூன்றாம் செலஸ்டின் 1191இல் கண்டித்தார். கண்டிக்கும் அளவுக்கு அது வழக்கமாக இருந்தது என்பதே நமக்குப் பயன்படும் செய்தி. 1180இல் எராக்ளியஸ் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இப்படித்தான்.

வாசகங்களின் எடை

சில தொடர்கள் ஒவ்வொரு கடிதத்திலும் வரும்; கண் அவற்றைத் தாண்டிப் போய்விடும். நில்லுங்கள். சொத்துப் பட்டியலுக்கு முன்னால் ‘நியாயமாகவும் அமைதியாகவும் நீங்கள் வைத்திருப்பவை’ என்று இருந்தால், உறுதிப்பாடு அந்த அளவுக்குத்தான். பட்டியலில் உள்ள ஊர் மனுதாரர் கையில் உண்மையில் இருந்தது என்பதற்கு அது சான்றாகாது. சலாதீன் கைப்பற்றிய ஊர்களையும் மடங்கள் 13ஆம் நூற்றாண்டுப் பட்டியல்களில் தொடர்ந்து எழுதி உறுதிப்படுத்திக்கொண்டன. உரிமை காலாவதியாகாமல் காக்க அதுதான் வழி. முந்தைய போப்பின் வாசகத்தை அப்படியே திரும்ப எழுதுவதும் வழக்கம். எனவே பழைய பட்டயத்தைப் பக்கத்தில் வைத்து, புதிதாகச் சேர்ந்த பெயர்களையும் விடுபட்ட பெயர்களையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய செய்தி அங்கேதான் இருக்கும். இறுதியில் ‘அப்போஸ்தலிக்க ஆட்சிப்பீடத்தின் அதிகாரத்துக்குக் குறைவின்றி’, ‘ஆயரின் சட்ட உரிமைக்குக் குறைவின்றி’ என்ற இரண்டில் எது இருக்கிறது, எது இல்லை என்பதைக் கட்டாயம் பாருங்கள். ஆயரின் உரிமையைக் காக்கும் தொடர் காணாமல் போனால், அந்த மடம் ஆயரின் பிடியிலிருந்து விலகிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, டெம்ப்ளரைப் போன்ற துறவுச் சபையான ஹாஸ்பிட்டலர் சபை. 1113 பிப்ரவரி 15 அன்று பெனெவென்தோவில் இரண்டாம் பாஸ்கல் தந்த பட்டயம் சபைத் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்தது. 1154இல் நான்காம் அனஸ்தாசியுஸ் தந்த பட்டயம் ஆயருக்குக் கீழ்ப்படியாத சொந்தக் குருக்களை வைத்துக்கொள்ள அனுமதித்தது. டெம்ப்ளர்களுக்கு இதே உரிமையை 1139 மார்ச் 29 பட்டயம் முன்பே தந்திருந்தது. தசமபாகமும் கல்லறை வருமானமும் கைநழுவுவதைக் கண்ட எருசலேமின் முதுபெரும் தந்தை ஃபுல்க்கர் தள்ளாத வயதில் ஆயர்களோடு கப்பலேறி 1155இல் நான்காம் ஏட்ரியனிடம் முறையிட்டார். வெறுங்கையோடு திரும்பினார். 1179இல் மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம் ஆயர்களின் புகாரை ஏற்று, இரு சபைகளும் சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்துவதைக் கண்டித்து விதி வகுத்தது. ஒரே போப்பாட்சி ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் சுருக்கியதில் முரண்பாடு ஏதும் இல்லை. அன்று வேறு மனுதாரர் முன்னால் நின்றார், அவ்வளவுதான்.

நடந்ததா? தீர் மறைமாநிலத்தை வைத்து ஒரு பயிற்சி

ஆணை வேறு, நிறைவேற்றம் வேறு என்பதைக் கற்க தீர் (டயர்) நகர வழக்கைவிடச் சிறந்த பாடம் இல்லை. பழைய கிரேக்க ஏற்பாட்டில் தீர் பேராயர் அந்தியோக்கியாவுக்கு உட்பட்டவர். அக்கோ, சீதோன், பெய்ரூட், ஜுபைல், திரிப்போலி, தொர்த்தோசா ஆயர்கள் தீருக்கு உட்பட்டவர்கள். சிலுவைப்போர் ஆட்சிகள் வந்தபின் தெற்குப் பாதி எருசலேம் அரசருக்கும் வடக்குப் பாதி திரிப்போலி கோமகனுக்கும் போனது. திருச்சபை எல்லையும் அரசியல் எல்லையும் முறுக்கிக்கொண்டன.

முதல் கடிதம்: 1111இல் இரண்டாம் பாஸ்கல், அரசர் முதலாம் பால்ட்வின் கைப்பற்றும் நகரங்கள் எருசலேம் திருச்சபைக்கு உட்பட்டிருக்கும் என்று எழுதுகிறார். கேட்டவர் பால்ட்வின், பெய்ரூட்டும் சீதோனும் 1110இல்தான் அவர் கைக்கு வந்திருந்தன. இதை மட்டும் படித்தவர் வழக்கு முடிந்தது என்பார். இரண்டாம் கடிதம்: அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தை பெர்னார்ட் முறையிடுகிறார், 1113 வாக்கில் அதே பாஸ்கல், அந்தியோக்கியாவின் மாண்பைக் குறைப்பது தன் நோக்கமல்ல, பழைய எல்லை தெளிவாகத் தெரிந்த இடத்தில் அது நிற்கட்டும், நீண்டகாலப் பிற ஆட்சியால் எல்லை குழம்பிய இடத்துக்கே தன் அனுமதி என்று விளக்குகிறார். இரு தரப்பும் ஆளுக்கொரு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டன. அடுத்த ஐம்பது ஆண்டுச் சண்டைக்கு இந்த இரண்டு கடிதங்களே போதுமானதாக இருந்தன.

1124 ஜூலை 7 அன்று வெனிசியக் கப்பற்படையின் துணையோடு தீர் பிடிபட்டது. எருசலேம் ஆட்சி அங்கே இலத்தீன் பேராயரை அமர்த்தியது. பேராயர் வில்லியம் உரோமை சென்று இரண்டாம் ஹொனோரியஸிடம் பாலியம் (பதவி அதிகாரத்துக்கு அடையாளமாகப் போப் தரும் கம்பளித் தோள்பட்டை) பெற்றார். தஸ்குலும் ஆயர் ஜைல்ஸ் போப்பின் தூதராக வந்தார். தீரின் ஆயர்களைத் திருப்பித் தருமாறு அந்தியோக்கியாவுக்கு ஆணை போனது. வில்லியமுக்குப் பின் பேராயரான ஃபுல்க்கரும் உரோமை சென்றார். பின்னாளில் எருசலேமின் முதுபெரும் தந்தையாகி 1155இல் கப்பலேறியவர் இவரே. இரண்டாம் இன்னொசென்ட் திரிப்போலி, தொர்த்தோசா, ஜுபைல் ஆயர்களுக்கு நேரடியாகவே எழுதி, அந்தியோக்கியாவை விட்டுத் தீருக்குக் கீழ்ப்படியச் சொன்னார்.

மூவரும் கீழ்ப்படியவில்லை. அவர்கள் நிலம் திரிப்போலி ஆட்சியில் இருந்தது, அவர்களைத் திருநிலைப்படுத்தியவர் அந்தியோக்கியா. கடைசிவரை அங்கேயே இருந்தார்கள். அக்கோ, சீதோன், பெய்ரூட் மூன்றும் தீரோடும் எருசலேமோடும் நின்றன. சட்டத்தில் உரோமையின் சொல்லை எந்தத் தரப்பும் மறுக்கவில்லை. இருவருமே அதை நாடி ஓடினார்கள். ஆனால் எல்லையை வகுத்தது கோட்டைகள்தான்.

இந்த வழக்கில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இந்தக் கடிதங்களில் பலவற்றை நாம் அறிவது, பின்னாளில் தீரின் பேராயராக இருந்த இன்னொரு வில்லியம் தன் வரலாற்றில் எடுத்தெழுதியதால். அவர் வழக்கில் ஒரு தரப்பு. அந்தியோக்கியாவின் ஆவணக் கிடங்கு அழிந்துவிட்டது. அவர் படியெடுத்ததை நம்பலாம். எதைப் படியெடுக்கவில்லை என்பதை எப்போதும் கேட்டுக்கொண்டிருங்கள்.

இதே சோதனையை வேறு கடிதத்துக்கும் செய்ய, மூன்று இடங்களில் தேடுங்கள்: பெறுநர் பின்னாளில் யாருடைய பட்டயத்தில் சாட்சியாகக் கையொப்பமிட்டார், யாரால் திருநிலைப்படுத்தப்பட்டார், அதே ஆணையை அடுத்த போப் திரும்ப அனுப்பினாரா. திரும்ப அனுப்பிய ஆணை நிறைவேறாத ஆணை.

தூதர் வந்திருந்தால்

கடிதத்தைவிட ஆற்றல் மிக்கது நேரில் வந்த தூதர். எருசலேமின் முதல் இருபது ஆண்டுகளைப் பாருங்கள். 1099 கிறிஸ்து பிறப்பையொட்டி முதுபெரும் தந்தையாகப் பதவியேற்ற தைம்பெர்ட்டைத் தூதர் ராபர்ட் தலைமையில் கூடிய மன்றம் 1102இல் நீக்கியது. அவர் உரோமை சென்று பாஸ்கலிடம் பதவியை மீட்டு, திரும்பும் வழியில் மெஸ்ஸினாவில் இறந்தார். அவர் இடத்தில் அமர்ந்திருந்த எவ்ரெமாரும் உரோமைக்கு ஓடினார். விசாரிக்கத் தூதராக வந்த ஆர்ல் பேராயர் கிபெலின் எவ்ரெமாரை விலக்கினார். 1108இல் கிபெலினே முதுபெரும் தந்தை ஆனார். அடுத்து வந்த அர்னுல்ஃபை ஓராஞ்ச் ஆயர் 1115இல் தூதராக வந்து நீக்க, அவரும் உரோமை போய் 1116இல் மீண்டார். தோற்றவர் ஒவ்வொருவரும் உரோமைக்குக் கப்பலேறினார். அப்படி ஏறியதால்தான் உரோமையின் நீதி அதிகாரம் கிழக்கில் வேரூன்றியது.

அந்தியோக்கியாவில் 1135இல் மக்கள் முழக்கத்தோடு முதுபெரும் தந்தை பதவிக்கு வந்த ரால்ஃப், பேதுருவின் பீடம் இங்கும் இருந்தது என்று சொல்லி உரோமைக்குச் சமம் கோரினார். பாலியத்தைத் தாமே பீடத்திலிருந்து எடுத்து அணிந்தார். கேனன்களோடும் இளவரசர் ரெமோனோடும் பகை முற்றியபின் அதே ரால்ஃப் உரோமை சென்று அதைக் கழற்றிவைத்து, புதியதைப் போப்பின் வழியாகப் பெற வேண்டியிருந்தது. 1140 வாக்கில் ஓஸ்தியா ஆயர் அல்பெரிக் கூட்டிய மன்றம் அவரை நீக்கியது. தூதர் தீர்ப்பு நிறைவேறியதற்கு இளவரசரின் படை ஒரு காரணம். ஆகவே தூதர் வெற்றி பெற்றதாகக் கண்டால், அந்த ஊர் ஆட்சியாளர் எந்தப் பக்கம் நின்றார் என்று உடனே பாருங்கள்.

கிரேக்கர் வரும் இடங்கள்

சைப்பிரஸில் மூன்றாம் செலஸ்டின் 1196இல் நிக்கோசியாவில் பேராயத்தையும் பாஃபோஸ், லிமசோல், ஃபமகுஸ்தாவில் ஆயங்களையும் நிறுவினார். 1260 பட்டயம் கிரேக்க ஆயர் பீடங்களை நான்காக்கி, அவர்களை இலத்தீன் ஆயர்களுக்குக் கீழே வைத்தது. இதை வெறும் ஒடுக்குமுறையாக வாசிப்பது எளிது. ஒடுக்குமுறை இருந்தது என்பதும் உண்மை. ஆனால் கிரேக்கப் பேராயர் ஜெர்மானோஸ் தாமே போப்பின் அவைக்குப் போய் இலத்தீன் பேராயருக்கு எதிராக வழக்காடியதால் பிறந்த ஆவணம் அது. அவர் வாழும்வரை அவர் இலத்தீன் பேராயருக்கு உட்படாமல் இருக்க வழி செய்ததும் அதே பட்டயம்தான்.

எண்ணிக்கை போடும் முன்

ஒரு போப் கிழக்குக்கு எத்தனை கடிதம் அனுப்பினார் என்று பட்டியல் போட்டு வரைபடம் வரைய ஆசை வரும். அதற்குமுன் ஒவ்வொரு கடிதமும் எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். 1198க்கு முந்தைய போப்புகளின் பதிவேடுகள் பெரும்பாலும் இல்லை. அந்தக் காலத்துக்குப் பெறுநர் காத்ததே நம்மிடம் இருக்கிறது. 1198 முதல் பதிவேடுகள் உண்டு, ஆனால் எல்லாக் கடிதமும் பதியப்படவில்லை. 1187க்குப் பின் கடிதங்கள் திடீரெனப் பெருகுவதுபோல் தெரிவதில் ஒரு பங்கு இந்தப் பதிவேடுகளால் வந்தது. ஹாஸ்பிட்டலர்கள் தம் ஆவணங்களைக் கிழக்கிலிருந்து கடைசியில் மால்டாவரை கொண்டுசேர்த்தார்கள்; 1113 பட்டயம் இன்றும் மால்டாவின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. டெம்ப்ளர்களின் தலைமைக் கிடங்கு தொலைந்துபோனது. யோசபாத்துப் பள்ளத்தாக்கு மரியன்னை மடத்தின் பட்டயங்கள் சிசிலிக்குப் போனதால் பிழைத்தன. புனிதக் கல்லறைக் கேனன்களின் பட்டயத் தொகுதி வத்திக்கானில் எஞ்சியது. நாசரேத், செசரியா, அக்கோ ஆயர் இல்லங்களின் கிடங்குகள் கைக்கு வரவில்லை.

அதனால் கடிதக் குறிப்பு எழுதும்போது தேதிக்கும் எண்ணுக்கும் பக்கத்திலேயே பெறுநர், மனுதாரர், காத்துவைத்தவர் என்று மூன்று கட்டங்களைத் தனித்தனியாக வையுங்கள். எண்ணுக்கு, போப்புகளின் கடிதங்களை எண்ணிட்டு வரிசைப்படுத்தும் அட்டவணைகளில் 1198 வரை யாஃபே அட்டவணையையும், அதன்பின் 1304 வரை போட்ஹாஸ்ட் அட்டவணையையும் குறிப்பிட்டால் அடுத்தவர் உடனே தேடியெடுக்கலாம். மூன்று கட்டங்களிலும் ஒரே பெயர் வந்தால் அது பெரும்பாலும் சலுகை. பெறுநர் ஒருவர், மனுதாரர் வேறொருவர் என்றால் பெரும்பாலும் ஆணை. அப்படிப்பட்ட கடிதத்தைக் காத்து வைத்தவர் மனுதாரராகவே இருப்பார், எதிர்த்தரப்பின் பதில் எங்கேயும் இருக்காது.